மெல்ல நடப்பவர் முன்னே

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் ஒருவர் ‘மலைக்குப் போகிறேன்’ என்று சொன்னால், அவர் உல்லாசப் பயணம் புறப்பட்டார் என்று எவரும் எண்ணுவதில்லை. ஏலக்காட்டு வேலைக்குப் போகிறார் என்றே அதற்குப் பொருள். போடியிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில் சிலமலையைக் கடக்கும்போது மேற்கே பார்த்தால், வயல்களும் தென்னந்தோப்புகளும் முடியுமிடத்தில் மலைத்தொடர் ஒரு நெடுஞ்சுவரென எழுந்து நிற்பதைக் காணலாம். சுவருக்கு அப்பால் கேரளத்து இடுக்கி மாவட்டம். ஏலத்தோட்டங்களுள் பெரும்பாலானவை அங்கேதான். விடியுமுன் ஜீப்புகள் ஊரூராய் வந்து நிற்க, தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு பெண்கள் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, வேலை தொடங்கும் நேரத்துக்குள் தோட்டத்தில் நிற்க வேண்டும்.

ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்வது. ஆனால் காய்ப்பதோ தரையை ஒட்டிக் கிடக்கும் சரத்தில். ஆகவே காய் எடுப்பவர் பகல் முழுதும் குனிந்தோ குந்தியோ இருந்தாக வேண்டும். பொழுது சாய்கையில் மறுபடியும் ஜீப், மறுபடியும் வளைவுகள். முப்பது ஆண்டுகள் மலையில் உழைத்த ஒரு பெண், அந்த மலையை நிமிர்ந்து பார்த்த நேரத்தைக் கூட்டினால் ஒரு முழு நாள் தேறுமா என்பது ஐயமே. தேவாரத்துக்கு மேலே சாக்கலூத்து மெட்டு என்றொரு கணவாய் உண்டு. வாகனங்கள் பெருகாத காலத்தில் அவ்வழியே நடந்து மலையேறிப் பிழைக்கப் போன முதியோர் இன்னமும் இவ்வூர்களில் இருக்கிறார்கள். அவர்கள் எவரும் தம்மை மலையேற்ற வீரர் என்று சொல்லிக்கொண்டதில்லை.

இத்தகைய மண்ணில் நின்றுகொண்டு, நண்பர்கள் கூடி மகிழ்ச்சிக்காக ஒரு சிகரத்தில் ஏறுவதைப் பற்றிப் பேசப் புகுவது சற்று விநோதமாகத்தான் தோன்றும். ஆயினும் மனிதர் நெடுங்காலமாக அதைச் செய்துவருகின்றனர். அது தொடர்பான ஒரு பழங்கடிதம் நம் நினைவுக்கு வருகிறது.

இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கா 1336 ஏப்ரல் 26ஆம் நாள் தென்பிரான்சிலுள்ள வாந்து என்னும் மலையில் ஏறினார். 6,000 அடிக்கு மேற்பட்ட உயரம். தொழிலுமில்லை, போருமில்லை, பார்க்க வேண்டும் என்ற ஆவல் ஒன்றே காரணம். அந்த அனுபவத்தைத் தம் நண்பரான அகுஸ்தினார் சபைக் குரு ஒருவருக்கு அவர் கடிதமாக எழுதியிருக்கிறார். உச்சியில் நின்று, அக்குரு தமக்குப் பரிசளித்த புனித அகுஸ்தினாரின் நூலைத் திறந்ததும், கண்ணில் பட்ட வரிகள் அவர் உள்ளத்தைத் தைத்ததும் புகழ்பெற்ற செய்தி. குருமடத்தில் எங்களுக்கு அந்தப் பகுதியை மட்டுமே சொல்லித் தந்தார்கள். கடிதத்தின் முற்பகுதியைப் பின்னாளில் தனியே படித்தபோதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. யாரை உடன் அழைத்துச் செல்வது என்று பெத்ரார்க்கா பட்ட பாடு அது! ஒரு நண்பர் மெதுவானவர், மற்றொருவர் வேகமானவர். ஒருவர் சோகமே உருவானவர். இன்னொருவர் அளவுக்கு மீறிக் களிப்பவர். ஒருவர் வாயே திறவார். ஒருவர் வாயை மூடார். ஒருவர் பருமன், ஒருவர் நோஞ்சான். வீட்டிலிருக்கையில் இக்குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம், பயணத்தில் பொறுக்க முடியாது என்று கருதி, நண்பர் அனைவரையும் விலக்கிவிட்டு, இறுதியில் தம் தம்பியையே அழைத்துப் போனார். அத்தம்பி பிற்காலத்தில் கர்த்தூசியத் துறவியானவர். அவர் நேர்ப்பாதையில் ஏறிவிட, கவிஞரோ எளிய வழி தேடிப் பள்ளத்தில் இறங்கி இறங்கிக் களைத்தார் என்பதும் கடிதத்திலேயே இருக்கிறது. அடிவாரத்தில் ஒரு முதிய இடையர் அவர்களைக் கண்டு, தாமும் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் உச்சி வரை சென்றவர் என்றும், முட்கிழிசலும் அலுப்புமே மிஞ்சின என்றும் சொல்லித் தடுக்கப் பார்த்தாராம். இக்கடிதம் பல ஆண்டுகள் கழித்துச் செப்பனிட்டு எழுதப்பட்டது என ஆய்வாளர் கருதுகின்றனர். இருக்கட்டும். அந்த நண்பர் பட்டியலை அவருடைய நண்பர்கள் படித்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள் என்பதே நம் கவலை.

அந்தப் பட்டியலின்படி பார்த்தால் எம் நண்பர் ஒருவர் இருமுறை விலக்கப்பட்டிருப்பார். மெதுவுக்காக ஒரு முறை, பருமனுக்காக ஒரு முறை. போதாக்குறைக்கு அவருக்கு ஆஸ்துமாவும் உண்டு.

குருப்பட்டம் பெற்ற மறு ஆண்டு, 1999 ஜனவரியில், ஒரே வகுப்பில் பயின்ற நாங்கள் நால்வரும் குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு நடந்தே ஏறினோம். அக்காலத்தில் தோட்டத்துத் தொழிலாளரும் சாமான் சுமப்போரும் போய்வந்த பாதை அது. எங்களுள் ஒருவர் மலைப்பித்தர். திருத்தந்தை 11ஆம் பயஸ் இளங்குருவாய், மிலான் நகரத்து நூலகத்தில் பணியாற்றிய நாளில், 1889இல் மோந்தே ரோசாவின் உச்சியில் ஏறியவர் என்றும், அப்போது அவரும் சக குரு ஒருவரும் வழிகாட்டிகள் இருவருமாக ஒரு குறுகிய பாறை விளிம்பில் நின்றபடியே ஓர் இரவைக் கழித்தார்கள் என்றும் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் எடுத்துரைப்பார். ஒருவரையொருவர் உறங்கவிடாமல் காத்துக்கொண்டார்களாம். “போப்பாண்டவரே ஏறியிருக்கும்போது நமக்கென்ன?” என்பது அவருடைய வாதம். வாதத்தில் ஓட்டை இருந்தாலும் நாங்கள் புறப்பட்டுவிட்டோம்.

வழிகாட்ட வந்தவர் தோட்டத்தில் பாடுபட்டு ஓய்ந்த ஒரு பெரியவர். மெலிந்த உடல், வெறுங்கால், கையில் ஒரு கம்பு. எங்கள் நால்வரையும் மேலும் கீழும் பார்த்தார். நாங்களோ வழக்கப்படி நடையில் வல்லவரை முன்னே விட்டு, பருத்த நண்பரைக் கடைசியில் நிறுத்தி, அவருக்குத் துணையாக ஒருவரை ஒதுக்கி வரிசை வகுத்திருந்தோம். பெரியவர் கம்பை நீட்டி மறித்தார்.

“சாமி, அவரை முன்னால விடுங்க. மெதுவா நடக்கிறவரு முன்னால போகணும்.”

“அவர் முன்னால் போனால் எல்லாருக்கும் தாமதமாகுமே, பெரியவரே?”

“பின்னால விட்டா என்ன ஆகும்னு நெனைக்கீக? நீங்க முன்னால போயி ஒரு பாறையில உக்காந்து எளைப்பாறுவீக. அவரு மூச்சு வாங்கிக்கிட்டு வந்து சேருவாரு. அவரைப் பார்த்ததும் நீங்க எந்திரிச்சுக் கெளம்பிருவீக. ஒக்காந்தது நீங்க, ஒக்காராதது அவரு. இப்படியே போனா மத்தியானத்துக்குள்ள அவரு விழுந்துருவாரு.”

நான்கு ஆண்டுகள் இறையியல் கற்ற எங்களுக்கு இந்தக் கணக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை. வலியவன் ஓய்வெடுக்கிறான், மெலியவன் ஓய்வின்றி நடக்கிறான், பார்ப்பவர்க்கோ வலியவன் காத்திருந்ததாகத் தோன்றுகிறது! பங்குப் பணியில் இறங்கிய பின் எத்தனை கூட்டங்களில், எத்தனை திட்டங்களில் இதே காட்சியைக் கண்டோம் என்பதை எழுதப்போனால் இக்கட்டுரை வேறெங்கோ போய்விடும்.

நண்பர் முன்னே நடந்தார். ஐம்பது அடிக்கு ஒருமுறை நின்றார். அவர் நின்றால் நாங்களும் நின்றோம். முதல் ஒரு மணி நேரம் எங்கள் கால்கள் தினவெடுத்தன. மாந்தோப்பும் இலவமரங்களும் கீழே தங்க, பாதை புல்மேட்டில் ஏறியது. மழை ஓய்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஆயினும் வெயில் படும் சரிவுகளில் ஆளுயரப் புல் அதற்குள் பழுக்கத் தொடங்கியிருந்தது. ஓரிடத்தில் அமர்ந்தபோது, மலைப்பித்தர் மூன்று கற்களைக் கூட்டிக் காப்பி வைக்க முனைந்தார். பெரியவர் தீப்பெட்டியைக் கையிலிருந்தே வாங்கிக்கொண்டார்.

“கீழ பத்த வச்ச நெருப்பு மேல ஏறும் சாமி. அது ஏறுற வேகத்துக்கு மனுசன் ஏற முடியாது.” அவ்வளவுதான் சொன்னார். தீப்பெட்டியை எங்களுக்குத் திருப்பித் தந்தது உச்சிக்குப் போய்ச் சேர்ந்த பிறகே.

வழியில் ஒரு திருப்பத்தில் நின்று எதிரே தெரிந்த டாப் ஸ்டேஷன் முகட்டைக் காட்டினார். மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு இரயிலில் அங்கு வரை வந்து, கம்பிவடத்தில் தொங்கியபடி மலையிறங்கிக் கொட்டக்குடியை அடைந்து, அங்கிருந்து போடிக்குப் போனது. 1902இல் தொடங்கிய அந்த இரயில் பாதையை 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அடித்துப் போய்விட்டது. மேலே டாப் ஸ்டேஷன், நடுவே சென்ட்ரல் ஸ்டேஷன், கீழே பாட்டம் ஸ்டேஷன் என்ற பெயர்கள் மட்டும் இரயிலும் வடமும் இல்லாமலே நூறாண்டாக மலையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தேயிலைப் பெட்டிகள் வானத்தில் மிதந்து இறங்கிய நாளிலும் மனிதர்கள் நடந்துதான் ஏறினார்கள் என்று பெரியவர் சொன்னதில் குறையொன்றும் தொனிக்கவில்லை.

பிற்பகலில் கொழுக்குமலையை அடைந்தோம். உலகின் மிக உயரமான தேயிலைத் தோட்டங்களுள் ஒன்று. 7,000 அடிக்கும் மேல். பழைய தொழிற்சாலையில் ஆவி பறக்கும் தேநீர் தந்தார்கள். அங்கு முதலில் கால் வைத்தவர் யாரென்று வாசகர்கள் ஊகித்திருப்பீர்கள். முன்னே நடந்தவர் முதலில்தானே போய்ச் சேர வேண்டும்! “கொழுக்குமலையை முதலில் வென்றவன் யான், இம்மூவரும் என் பின்னே வந்தவர்கள்” என்று நண்பர் இன்றுவரை மேடைதோறும் முழங்கிவருகிறார். மறுப்பதற்கு எங்களிடம் சான்றில்லை.

நண்பர்களோடு மலையேறுவது என்றதும் நற்செய்தியில் வரும் ஏற்றம் நினைவுக்கு வராமலிராது. இயேசு பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரையும் கூட்டிக்கொண்டு உயர்ந்த மலைக்கு ஏறுகிறார். எந்த மலையென்று நற்செய்தியாளர் சொல்லவில்லை. மரபு தாபோரைக் காட்டுகிறது. சில அறிஞர்கள் எர்மோனைக் காட்டுகின்றனர். தாபோர் 2,000 அடியையும் எட்டாதது. நம் தேனி மக்கள் பார்த்தால் ‘கரடு’ என்றே சொல்வார்கள். எர்மோனோ 9,000 அடிக்கு மேல், நம் மீசைப்புலிமலையையும் விஞ்சியது. பேதுருவுக்கு உச்சியிலேயே கூடாரம் போட்டுத் தங்கிவிட ஆசை. மலையேறியவர் எவருக்கும் அந்த ஆசை விளங்கும். ஆனால் மீதி ஒன்பது பேர் எங்கே? அவர்கள் அடிவாரத்தில் இருந்தார்கள். வலிப்பு நோயால் துடிக்கும் மகனோடு வந்த ஒரு தகப்பனுக்கு முன்னால், செய்வதறியாது, கூட்டத்தின் கேள்விக் கணைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்கள். ஓவியர் இரஃபேல் 1520இல் இறக்குமுன் வரைந்த கடைசிப் படம் இதுதான். இன்று வத்திக்கான் அருங்காட்சியகத்தில் உள்ளது. மேல்பாதியில் ஒளிமயமான உச்சி. கீழ்ப்பாதியில் இருளில் அந்தச் சிறுவனும் தகப்பனும் கையைப் பிசையும் சீடர்களும். மலையை மட்டும் வரைந்திருந்தால் படம் இன்னும் அழகாக இருந்திருக்கும் என்று சொல்வோர் உண்டு. நமக்கு அந்தக் கீழ்ப்பாதி இல்லாமல் மேல்பாதி பிடிபடுவதில்லை.

இனிச் சொல்லவேண்டியதைத் தள்ளிப்போட இயலாது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழுவும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்து ஒரு குழுவுமாக வந்த இளைஞர்கள், பெண்களே மிகுதியாக, முந்தின நாள் கொழுக்குமலைக்கு ஏறித் தங்கிவிட்டு, குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெத்ரார்க்காவைப் போலவே அவர்களுக்கும் பார்க்கும் ஆவல் ஒன்றே காரணம். அது குற்றமன்று. பிற்பகலில் காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்தது. ஒன்பது பேர் மலையிலேயே இறந்தார்கள். போடி, தேனி, மதுரை மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களுள் அடுத்த சில வாரங்களில் ஒருவர் பின் ஒருவராகப் பலர் கண்மூட, இறந்தோர் தொகை 23 ஆயிற்று.

மார்ச் மாதத்து மலை, ஜனவரி மாதத்து மலையன்று. புல் முற்றிலும் காய்ந்து நிற்கும். சமதரையில் ஓடும் தீயிலிருந்து ஒருவர் ஓடித் தப்பக்கூடும். சரிவில் ஏறும் தீயோ, தனக்கு மேலுள்ள புல்லைத் தன் வெம்மையால் முன்கூட்டியே உலர்த்திக்கொண்டு ஏறுகிறது. சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் அதன் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது காட்டுத்தீயைப் பற்றி அறிந்தோர் கூறும் கணக்கு. புகையில் திசை தெரிவதில்லை. புல்லற்ற பாறையும், ஏற்கெனவே எரிந்து அடங்கிய கருந்தரையுமே புகலிடம். இதை அறிந்த ஒருவர் அருகில் நின்று உரக்கச் சொன்னாலும், கேட்கும் நிலையில் மனம் இருக்க வேண்டுமே! பெரியவர் 1999இல் தீப்பெட்டியைப் பறித்துக்கொண்டபோது சொன்ன ஒற்றை வாக்கியம், செய்தியைக் கேட்ட அவ்விரவு முழுதும் நம் காதில் ஒலித்தது.

அன்று மாலை முதலில் மலையேறிப் போனவர்கள் யாரென்பதை இங்கே பதிவு செய்யவேண்டும். விமானப் படையின் ஹெலிகாப்டர்களும் அதிரடிப் படையினரும் வந்தார்கள். வனத்துறையினரும் தீயணைப்புத் துறையினரும் காவலரும் பாடுபட்டார்கள். ஆனால் இருட்டில், எரிந்து அடங்காத சரிவில், தண்ணீரையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு முன்னே ஏறியவர்கள் குரங்கணி, கொட்டக்குடிப் பகுதிக் கிராம மக்களும் மலைவாழ் மக்களும்தாம். காயம்பட்டவர்களைப் போர்வையில் கிடத்தி, கழியில் கட்டி, தோளில் சுமந்து இறக்கினார்கள். அந்தத் தோள்களுக்குச் சுமை புதிதன்று. அந்தச் சுமைதான் புதிது. இன்னொன்றும் உண்டு. தாம் தப்பிக்க வழியிருந்தும், பின்தங்கியவர்களைத் தேடித் தீக்குள் திரும்பிப் போய் உயிர் துறந்தவர்கள் அக்குழுவிலேயே இருந்தார்கள் என்று பிழைத்தவர்கள் சாட்சி சொன்னார்கள். அவர்கள் எந்தச் சமயத்தவர் என்று நாம் விசாரிக்கவில்லை. மறு ஞாயிறு திருப்பலியில் மலையில் இறந்தோருக்காக மன்றாடியபோது, அன்பில் இதைவிடப் பெரியது யாதென்று நற்செய்தி கேட்கும் இடத்தை நினைத்துக்கொண்டோம்.

அதன்பின் கொழுக்குமலைக்குப் போகும் அந்த நடைபாதை பயணிகளுக்கு மூடப்பட்டது. அரசு அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை, தேர்ந்தெடுத்த 40 பாதைகளைத் தானே திறந்து, அந்தந்த மலையடிவாரத்து இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்து வழிகாட்டிகளாக அமர்த்தியது. தீ அபாயமுள்ள கோடைத் தொடக்கத்தில் அப்பாதைகள் அடைக்கப்படுகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் எம் பகுதிப் பெற்றோர்களின் நெஞ்சில் மூடப்பட்ட பாதையைத் திறக்க எந்த அரசாணையாலும் ஆகவில்லை. ஏழு ஆண்டுகள் எம் பங்கு இளையோர் எந்த மலைக்கும் போகவில்லை.

2025 செப்டம்பர் 7ஆம் நாள் திருத்தந்தை 14ஆம் லியோ, பியர் ஜார்ஜியோ ஃபிரசாத்தியைப் புனிதராக உயர்த்தினார். தூரின் நகரத்துப் பெரிய பத்திரிகை அதிபரின் மகன். சுரங்கப் பொறியியல் மாணவர். கையிலிருந்ததை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவர். ஆல்ப்ஸ் மலைகளில் நண்பர் குழாமோடு ஏறித் திரிந்தவர். 1924இல் அவர்கள் கூடி அமைத்த சங்கத்துக்கு ‘ஏடாகூடமான ஆசாமிகள்’ என்னும் பொருள்படப் பெயர் வைத்திருந்தார்கள். மறு ஆண்டே, 24ஆம் வயதில், இளம்பிள்ளை வாதத்தால் இறந்தார். அடக்கச் சடங்கில் திரண்ட நகரத்து ஏழைகளைக் கண்ட பிறகே மகன் யாரென்று பெற்றோருக்கு விளங்கிற்று. இவ்வரலாற்றை எம் பங்கு இளையோருக்குச் சொன்னதன் விளைவு, அடுத்த வாரமே அவர்கள் மனுவோடு வந்து நின்றார்கள். கொழுக்குமலைக்குப் போக வேண்டுமாம்.

கூட்டம் கூடியது. சிலமலைப் பக்கத்து ஏலக்காட்டுத் தொழிலாளியான ஒரு தாய் எழுந்தார். “நாங்க மலைக்குப் போறது வகுத்துப்பாட்டுக்குச் சாமி. இதுகளுக்கு அங்க என்ன கெடக்கு? அன்னைக்குச் செத்ததெல்லாம் படிச்ச புள்ளைகதான?”

மறுமொழி சொல்ல நாம் வாயெடுக்குமுன் அவருடைய மகள் எழுந்துவிட்டாள். “எங்கம்மா முப்பது வருசமா மலைக்குப் போகுது ஃபாதர். ஒரு நாள்கூட உச்சியைப் பார்த்ததில்ல.”

கூடத்தில் சற்று நேரம் பேச்சில்லை. தாய் மகளைப் பார்த்தார். கோபமா நாணமா என்று கணிக்க முடியவில்லை. நாம் சில நிபந்தனைகள் விதித்தோம். பிப்ரவரிக்கு முன்னரே போய்வர வேண்டும். தீப்பெட்டி எவர் பையிலும் இருக்கலாகாது. மூடப்பட்ட பாதைப் பக்கம் தலைவைக்கலாகாது. போடிமெட்டு, பூப்பாறை வழியாகச் சூரியநெல்லி போய், அங்கிருந்து எல்லாரும் போகும் ஜீப் பாதையில்தான் போக வேண்டும். ஒவ்வோர் இளைஞரும் தாயையோ தகப்பனையோ அழைத்து வரவேண்டும். கடைசி நிபந்தனைக்குத்தான் எதிர்ப்பு பலமாக இருந்தது. ஒரு நாள் கூலி போகுமே என்றார்கள் தாய்மார். அம்மாவோடு போவது என்ன மலையேற்றம் என்றார்கள் பையன்கள்.

டிசம்பர் இறுதியில், கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த வாரத்தில் போனோம். ஜீப்பில் ஏறிப்போவதை மலையேற்றம் என்று எழுத இந்தப் பேனாவுக்கும் சற்றே கூச்சம்தான். தொழிற்சாலையருகே இறங்கி முகடு வரை ஏறியது மட்டுமே நடை. ஆனால் பூப்பாறையைக் கடக்கும்போது நிகழ்ந்தது எந்த நடைக்கும் குறைந்ததன்று. இருட்டில் சாலையோரத்தைக் காட்டி, “அந்தா, அதுதான் எங்க காடு”, “இந்தத் திருப்பத்துலதான் வண்டி கவுந்துச்சு”, “இந்த ஸ்டோர்லதான் காய் காயப் போடுவாங்க” என்று தாய்மார் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அலைபேசியிலேயே கண்ணாயிருந்த பையன்கள் தலைநிமிர்ந்து கேட்டார்கள். தம் வீட்டு அடுப்பு எங்கிருந்து எரிகிறது என்பதை அவர்களுள் பலர் அன்றுதான் கண்ணால் கண்டார்கள்.

முகட்டுக்கு ஏறத் தொடங்கியதும், ஜீப்போடு வந்த தோட்டத்து இளைஞரிடம் பழைய பெரியவரின் விதியைச் சொல்லி, மெல்ல நடப்பவரை முன்னே விடச் சொன்னோம். தாய்மாரில் ஒருவரைத்தான் விடவேண்டியிருக்கும் என்பது எல்லாருடைய எண்ணம். பத்தே நிமிடத்தில் உண்மை வெளிப்பட்டது. செருப்புக் காலோடு பேசிக்கொண்டே ஏறிய பெண்களுக்குப் பின்னால், கல்லூரி மாணவன் ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைத்தான். அவனை முன்னே நிறுத்தினோம். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தபடி அவன் வேகத்துக்குத் தங்கள் காலை அடக்கி நடந்தார்கள். அப்படி அடக்கி நடப்பது ஏறுவதைவிடக் கடினம் என்று ஒருவர் முனகியதும் காதில் விழுந்தது.

பொழுது புலர்ந்தது. காலடியில் மேகம் பஞ்சுப்பொதியாய்க் கிடந்தது. சற்று நேரத்தில் கிழக்கே கிழிந்து, தேனிச் சமவெளி தெரிந்தது. கண்மாய்கள் மின்னின. அன்று கூட்டத்தில் எழுந்து எதிர்த்த அந்தத் தாய், இடுப்பில் கையை ஊன்றி வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பி மேற்கே, தாம் வேலை செய்யும் பக்கத்தைப் பார்த்தார். “இவ்வளவு கீழயா நாங்க போயிட்டு வாரோம்?” என்று மகளிடம் கேட்டார். மகள் விடை சொல்லவில்லை. படம் எடுக்கவும் மறந்துபோய் நின்றாள்.

இறங்குகையில் அவர் நம்மோடு சேர்ந்து நடந்தார்.

“சாமி, வீட்ல எங்க மாமியா இருக்கு. சாக்கலூத்து மெட்டு வழியா அரிசிய தலையில வச்சு நடந்தே வேலைக்குப் போன கெழவி. அடுத்த தடவ அதையும் கூட்டியாரலாமா?”

வயதைக் கேட்டோம். எழுபத்து நான்காம். அந்த மூதாட்டி முன்னே நடந்தால் எத்தனை மணிக்கு முகட்டை அடையலாம் என்று தோட்டத்து இளைஞரிடம் விசாரித்தோம். அவர் ஏற்றத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, “சூரியன் உதிக்கிறதுக்குள்ள வரணும்னா, முந்தின நாள் சாயங்காலமே கெளம்பிரணும் சாமி” என்றார்.